மறியலில் இருக்கிறவர் எந்தத் திகதியில் வருவார்?

வடமராட்சியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவருக்கு 2023 மார்ச் 14ஆம் திகதி மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு. இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்றுக்கு 4 வருடக் கடூழியச் சிறை, மற்றதற்கு 2 வருடம். 50,000 ரூபா தண்டப்பணம், கட்டாவிட்டால் 6 மாதம். 2 இலட்சம் ரூபா நட்டஈடு, கட்டாவிட்டால் 1 வருடம். இரண்டும் இன்னும் கட்டவில்லை. ஆள் இப்போது அநுராதபுரம் சிறையில் இருக்கிறார். பார்க்கப் போன இடத்தில் காவலர் ஒருவர் 2027 பங்குனியில் முடியும் என்றாராம். சட்டத்தரணி 2028 என்கிறார். ஊரில் ஒருவர், 75,000 ரூபா தந்தால் வருகிற வெசாக்குக்கே பெயரைப் பட்டியலில் போடுவிக்கலாம் என்கிறாராம். ஒன்பது வயது மகள் ஒவ்வொரு நாளும் "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்கிறாள். யாரை நம்புவது? கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: "2021இல் மல்லாகத்திலும் ஒரு வழக்கு இருந்தது, அது என்ன மாதிரியோ தெரியாது."

தங்கச்சி, நான் நீதிமன்றப் பதிவகங்களில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போல எத்தனையோ பேர் கவுண்டருக்கு முன்னால் நின்று இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அவர் என்ன குற்றம் செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அது எனக்குத் தேவையும் இல்லை.

விடுதலைத் திகதி யாருடைய வாயிலும் இல்லை, ஒரு தாளில் இருக்கிறது. தீர்ப்புச் சொன்ன அன்று நீதிமன்றம் ஆளோடு சேர்த்து ஓர் ஆணைப்பத்திரத்தைச் சிறைக்கு அனுப்பும். கோட்டில் நாங்கள் அதை வாரண்ட் என்றே சொல்வோம். எந்தக் குற்றச்சாட்டுக்கு எவ்வளவு காலம், எப்போதிருந்து, தண்டப்பணம் எவ்வளவு, கட்டாவிட்டால் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். சிறை அலுவலகம் அந்தத் தாளை வைத்துத்தான் கணக்குப் பார்த்து, உங்கள் கணவரின் பதிவில் திகதியை எழுதுகிறது. அந்தத் தாளைப் பார்க்காமல் யார் எந்தத் திகதி சொன்னாலும் அது ஊகம்தான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காவலரும் சட்டத்தரணியும் சொன்னது இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். ஆளுக்கு ஒரு பாதியைச் சொல்லியிருக்கிறார்கள்.

2023 மார்ச் 14இல் தொடங்கும் 4 வருடம் 2027 மார்ச் 13இல் முடியும். காவலர் சொன்ன பங்குனி அதுதான். இப்போது தண்டப்பணத்துக்கான 6 மாதத்தையும் நட்டஈட்டுக்கான 1 வருடத்தையும் அதன் வாலில் கட்டுங்கள். 2028 செப்டெம்பர் 13 வரும். சட்டத்தரணி சொன்ன 2028 இது. கட்டாத பணத்துக்கான மறியல் மற்றத் தண்டனைக்குள் கரைந்து போகாது. அது மேலதிகமாகத்தான் வரும். ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற 18 மாதம் என்பது இரண்டரை இலட்சம் ரூபாவின் விலை.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 4 வருடமும் 2 வருடமும் ஏககாலத்தில் ஓடினால்தான் மேலே சொன்ன கணக்கு சரி. ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் 6 வருடம். அப்போது 2029 மார்ச் 13, பணமும் கட்டாவிட்டால் 2030 செப்டெம்பர் 13. எங்கள் சட்டத்தில் ஒரே வழக்கில் பல குற்றச்சாட்டுகளுக்குத் தண்டனை விதிக்கும்போது, ஏககாலம் என்று நீதிபதி கட்டளையிட்டால்தான் ஏககாலம். அவர் சொல்லாமல் விட்டால் ஒன்றன்பின் ஒன்றுதான். காவலரும் சட்டத்தரணியும் சொன்ன திகதிகளைப் பார்த்தால் உங்களுக்கு ஏககாலம் கிடைத்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அந்த ஒரு சொல் தீர்ப்பிலும் இருக்க வேண்டும், வாரண்டிலும் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த நீதிமன்றங்களில் ஒன்றில் அந்தச் சொல் வாரண்டில் விடுபட்டுப் போனது. வழக்கேட்டில் நீதிபதி தெளிவாக ஏககாலம் என்று எழுதியிருந்தார். பிரதி பண்ணிய கை அதைத் தவறவிட்டது. சிறைக்காரர் தங்களுக்கு வந்த தாளின்படி மூன்று வருடம் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. அந்த மனிதரின் மனைவி தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். ஏட்டை இறக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. சட்டத்தரணி மூலம் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோய், திருத்திய வாரண்ட் போனது. அந்த அம்மா பிரதி எடுக்காமல், "எல்லாம் அவையளுக்குத் தெரியும்தானே" என்று இருந்திருந்தால் மூன்று வருடம் போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை, தீர்ப்பு வழங்கிய நீதிமன்றத்தின் பதிவகத்துக்குப் போய், வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, தீர்ப்பினதும் தண்டனைக் கட்டளையினதும் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும் என்று விண்ணப்பியுங்கள். சிறு கட்டணம் இருக்கும். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் கணவரின் முழுப் பெயரும் தீர்ப்புத் திகதியும் போதும், தேடி எடுப்பார்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் போங்கள். காலையில் வழக்குகள் கூப்பிடும் நேரத்தில் பதிவகத்தில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. சிறைக்கு அனுப்பிய வாரண்டின் பிரதியும் ஏட்டில் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: மேன்முறையீடு செய்தீர்களா? செய்திருந்தால் திகதி மாறும். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது மறியலில் கழிகிற காலம் தானாகத் தண்டனையில் சேர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். மேன்முறையீட்டு நீதிமன்றம் பல தீர்ப்புகளில், தண்டனை முதல் தீர்ப்பளித்த நாளிலிருந்தே தொடங்கியதாகக் கொள்ளப்பட வேண்டும் என்று ஒரு வரி எழுதும். அந்த வரி இருக்கிறதா இல்லையா என்பதில் வருடக்கணக்கு இருக்கிறது. அப்பீலை வாபஸ் வாங்கியிருந்தாலும் இதே கேள்வி வரும். சட்டத்தரணியிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். அதேபோல, தீர்ப்புக்கு முன்னால் விளக்கமறியலில் இருந்த காலமும் தானாகக் கழிபடாது. அதைக் கருத்தில் எடுத்து நீதிபதி ஏதாவது சொல்லியிருந்தால் தண்டனைக் கட்டளையில் இருக்கும்.

சரி, நீதிமன்றத் தாள் கையில் வந்துவிட்டது. அடுத்தது சிறை.

சிறையில் "எப்ப விடுவீங்கள்?" என்று கேட்டால், எதிரில் நிற்பவர் மனதில் தோன்றியதைச் சொல்வார். அவர் இரக்கத்தில் சொல்வது அது, பொய் சொல்ல நினைத்து அல்ல. அதனால் கேள்வியை மாற்றுங்கள். உங்களுக்கு வேண்டியவை இரண்டு திகதிகள். ஒன்று, முழுத் தண்டனையும் முடியும் நாள். மற்றது, நன்னடத்தைக்கும் வேலைக்கும் கிடைக்கிற கழிவைக் கழித்து அவர் வெளியே வரக்கூடிய மிக முந்திய நாள். இந்தக் கழிவைச் சிறைச்சாலைதான் கணக்கிடும், சிறை விதிகளை மீறினால் அது பறிபோகவும் கூடும். நான் மேலே போட்ட கணக்கில் இந்தக் கழிவைச் சேர்க்கவில்லை. ஆகவே பங்குனி என்பது இன்னும் முன்னுக்கு வரவும் இடமுண்டு. ஆனால் எவ்வளவு முன்னுக்கு என்பதைச் சிறை அலுவலகத்தின் எழுத்து மட்டுமே சொல்ல முடியும்.

இதைத் தெரிந்துகொள்ள மிகச் சுருக்கமான வழி உங்கள் கணவரே. தன் தண்டனைக் கணக்கைப் பற்றி அத்தியட்சகரிடமோ ஜெயிலரிடமோ நலன்புரி அலுவலரிடமோ கேட்க அவருக்கு இடமுண்டு. அடுத்த முறை பார்க்கப் போகும்போது, இரண்டு திகதிகளையும் கேட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். சிறையில் அவருக்குக் கொடுத்திருக்கும் கைதி இலக்கத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். இனி எந்தக் கடிதத்திலும் அந்த இலக்கம் இல்லாமல் வேலை நடக்காது. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், முதலெழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார்.

பல ஆண்கள் மனைவியிடம் திகதியை மறைப்பதையும் பார்த்திருக்கிறேன். நட்டஈட்டுப் பணத்துக்காக நீங்கள் தாலிக்கொடியை அடகு வைத்துவிடுவீர்கள் என்று பயந்து, "சும்மா இரு, கெதியா வந்திடுவன்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படித் தோன்றினால் அவரோடு கோபப்படாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் கேட்பதற்கு இப்போது நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சிறைச்சாலைத் திணைக்களமும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரச நிறுவனம்தான், அங்கே தகவல் அலுவலர் இருக்க வேண்டும். சாதாரண விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பிரஜையின் உயிர், தனிப்பட்ட சுதந்திரம் பற்றிய தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு மனிதன் எந்த நாள்வரை அடைபட்டிருப்பான் என்பது தனிப்பட்ட சுதந்திரம் பற்றிய கேள்வி இல்லாவிட்டால் வேறு எது? விண்ணப்பத்தில் அந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

இங்கே பலர் சறுக்கும் ஒரு இடம் இருக்கிறது. கணவரின் தகவல் அவருடைய தனிப்பட்ட தகவல். மற்றவர் ஒருவரின் தனிப்பட்ட தகவலைத் தர மறுக்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. அவர் எழுத்தில் சம்மதம் தந்தால் அந்தத் தடை விலகும். ஆகவே பார்க்கப் போகும்போது நலன்புரி அலுவலரிடம் சொல்லி, "என் தண்டனை விபரங்களை என் மனைவிக்கு வழங்கச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழின் பிரதி, உங்கள் அடையாள அட்டையின் பிரதி, இரண்டையும் இணையுங்கள். விதானையாரிடம் ஒரு உறுதிப்படுத்தல் கடிதமும் எடுத்தால் இன்னும் நல்லது.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதலாம்:

"அநுராதபுரம் சிறைச்சாலையில் தண்டனை அனுபவித்து வரும் இன்னார், கைதி இலக்கம் இன்னது, என் கணவர். 2023.03.14 அன்று இன்ன இலக்க வழக்கில் தண்டிக்கப்பட்டார். அவரது தண்டனை முழுமையாக முடியும் திகதி, கழிவுகளின் பின் விடுதலையாகக்கூடிய முந்திய திகதி, தண்டப்பணமும் நட்டஈடும் செலுத்தினால் அத்திகதிகள் எவ்வாறு மாறும் என்பது, அவர் பெயரில் வேறு நீதிமன்றங்களின் பிடியாணையோ வழக்கோ தங்கள் பதிவில் உள்ளதா என்பது ஆகியவற்றை எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன். இது ஒரு பிரஜையின் தனிப்பட்ட சுதந்திரம் பற்றிய தகவல் என்பதால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதைத் தமிழிலேயே எழுதுங்கள். அநுராதபுரம் என்பதற்காக யாரையோ பிடித்துச் சிங்களத்தில் எழுதுவிக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே இடம் தருகிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது. கைதிகளை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அடிக்கடி நடப்பதால், ஆள் இப்போது எங்கே என்றே தெரியாத நிலை வந்தால் கொழும்பு பேஸ்லைன் வீதியில் உள்ள சிறைச்சாலைத் தலைமையகத்துக்கு எழுதுங்கள். யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட மாற்றித் தரும்படி கேட்பதற்கும் அங்கேதான் எழுத வேண்டும். விடியப்புறம் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அநுராதபுரம் போய்வருகிற பாட்டை அதில் எழுதுங்கள். அது கேட்கப்பட வேண்டிய காரணம்தான்.

பணம் கட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கிற ஒரே நெம்புகோல் அதுதான். இந்த நாட்டுச் சிறைகளில் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே இருப்பவர்கள் ஏராளம். கட்டிய அன்றே அந்தப் பகுதி மறியல் இல்லாமல் போகும். தண்டப்பணம் முழுவதும் கட்ட முடியாவிட்டால் ஒரு பகுதியைக் கட்டினாலும் அந்த விகிதத்துக்கு மறியல் குறைய வழியுண்டு. தவணை முறையில் கட்ட அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கவும் இடமுண்டு. நட்டஈட்டுக்கு இதில் எது பொருந்தும் என்பது கட்டளையின் வாசகத்தைப் பொறுத்தது, பிரதியை எடுக்கும்போதே பதிவகத்தில் கேளுங்கள். கட்டினால் பற்றுச்சீட்டோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பணம் கட்டப்பட்டது என்ற அறிவித்தல் நீதிமன்றத்திலிருந்து சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு பக்கமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இந்த இடத்தில்தான் அந்த 75,000 ரூபா வருகிறது. தங்கச்சி, அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். 75,000 ரூபா என்பது உங்கள் கணவரின் தண்டப்பணம் முழுவதையும் கட்டி, நட்டஈட்டிலும் ஒரு பகுதியைத் தொடங்கக்கூடிய காசு. அதை நீதிமன்றத்தில் கட்டினால் 6 மாதம் உறுதியாகக் குறையும். அவரிடம் கொடுத்தால் காசு மட்டும்தான் குறையும்.

பொதுமன்னிப்பு என்பது அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையின்படி ஜனாதிபதிக்கு உள்ள அதிகாரம். வெசாக், சுதந்திர தினம், நத்தார், செப்டெம்பர் 12ஆம் திகதி வருகிற கைதிகள் தினம் போன்ற நாட்களில் அது வழங்கப்படுவதுண்டு. எந்த வகைத் தண்டனை, எவ்வளவு காலம் கழித்தவர், எந்தக் குற்றங்களுக்குக் கிடையாது என்று ஒவ்வொரு முறையும் வரையறை செய்து, அதற்குப் பொருந்துகிறவர்களின் பட்டியலைச் சிறைகள் தயாரித்து மேலே அனுப்பும். சிலருக்கு விடுதலையே கிடைக்கும், சிலருக்குச் சில நாட்களோ கிழமைகளோ தண்டனையில் குறையும். வெளியில் இருந்து ஒருவர் பெயர் சேர்க்கிற இடம் அதில் இல்லை. 2025 வெசாக்கின்போது பட்டியலில் இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து விடப்பட்டது தெரியவந்து, பொறுப்பான அதிகாரிகளே கைதாகும் அளவுக்கு அது போனது. அப்படி ஒரு வழியால் உங்கள் கணவர் வெளியே வந்தால் திரும்பவும் பிடிபடுவார், இன்னொரு வழக்கோடு. பணம் கேட்டவர் அரச அலுவலர் யாருடைய பெயரையாவது சொல்லிக் கேட்டிருந்தால் 1954 என்ற இலக்கத்துக்கு எடுத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் சொல்லலாம். உங்கள் கணவர் வரையறைக்குள் வருகிறாரா என்பதைச் சிறையின் நலன்புரி அலுவலரிடம் இலவசமாகவே கேட்கலாம்.

இதை வாசிக்கிறவர்களில் கணவர் இன்னும் தண்டிக்கப்படாமல் விளக்கமறியலில் இருக்கிற பெண்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் மேலே எழுதியது பொருந்தாது. விளக்கமறியலில் இருப்பவருக்கு விடுதலைத் திகதி என்று ஒன்று கிடையாது, அடுத்த தவணைதான் உண்டு. பொதுவான வழக்குகளில் நீதவான் 14 நாளுக்கு ஒருமுறை நீடிப்பார். பிணை ஆட்களும் காசும் தயாராக இல்லாததால், பிணை கிடைத்த பிறகும் உள்ளே இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆகவே "எப்ப வருவார்" என்பதற்கு முதல் "பிணை கேட்டாயிற்றா, எந்த நிபந்தனை" என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி, தண்டிக்கப்படாத ஒருவரைக் கைதான நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் அதை நீடிக்கலாம், அதுவும் மொத்தம் 24 மாதத்தைத் தாண்டக் கூடாது. இது எல்லா வழக்குக்கும் பொருந்தாது. போதைப்பொருள் வழக்குகளில் அளவைப் பொறுத்துப் பிணை கேட்க வேண்டிய நீதிமன்றமே மாறும். பயங்கரவாதத் தடைச் சட்டம் தனிக் கதை. 1979இல் தற்காலிகம் என்று வந்த அந்தச் சட்டத்தால் எங்கள் பக்கத்தில் எத்தனை பெண்கள் திகதியே இல்லாமல் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022இல் வந்த திருத்தத்தால் தடுப்புக் கட்டளையின் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. அந்தச் சட்டத்தில் பிடிபட்டவரின் குடும்பம் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் உடனே முறையிட வேண்டும். அவசர இலக்கம் 1996.

இன்னொரு வகையான பெண்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர் வருவார் என்ற ஆசையில் அல்ல, வந்துவிடுவாரோ என்ற பயத்தில். கவுண்டரில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், எனக்கு உடனே விளங்கும். அவர்களுக்கும் அந்தத் திகதி தெரிய வேண்டும், இன்னும் அவசரமாகத் தெரிய வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம்வரை வழங்கப்படும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவர் வெளியே வருவதற்கு முன்னரே இதைச் செய்ய வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் கட்டணம் இல்லாமல் செய்து தருவார்கள். வழக்குப் பேசுவதற்கு மட்டும்தான் அங்கே போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திருத்திய வாரண்ட் கேட்பது, தவணை முறையில் பணம் கட்ட அனுமதி கேட்பது போன்றவற்றுக்கும் போகலாம்.

ஒவ்வொரு நாளும் கேட்கிற மகளுக்கு என்ன சொல்வது? எழுத்தில் பதில் வரும்வரை திகதி எதுவும் சொல்ல வேண்டாம். குழந்தைகள் நாங்கள் சொன்ன நாளை எண்ணிக்கொண்டு இருப்பார்கள், அது தவறினால் அப்பாவில் அல்ல, உங்களில் உள்ள நம்பிக்கை போகும். "அப்பா எப்ப வாறார் என்று அம்மா கேட்டு எழுதியிருக்கிறன், பதில் வந்ததும் உனக்குத்தான் முதல் சொல்லுவன்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

இனி, நீங்கள் கடைசி வரியில் எழுதிய மல்லாகம் வழக்கு. எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் நெஞ்சை உறுத்துகிறது. 2021 வழக்கு முடியாமல் இருந்தால், 2023இல் இவர் உள்ளே போன பிறகு அந்த வழக்குக்கு ஆஜராகி இருக்க முடியாது. இவர் சிறையில் இருக்கிறார் என்று அந்த நீதிமன்றத்துக்கு யாரும் சொல்லாமல் விட்டால், ஆள் வரவில்லை என்று பிடியாணை பிறந்திருக்கும். தண்டனை முடியும் நாளில் நீங்கள் புதுச் சாரமும் சேட்டும் எடுத்துக்கொண்டு சிறை வாசலில் நிற்பீர்கள், அவரை அந்தப் பிடியாணையில் நேரே இன்னொரு நீதிமன்றத்துக்குக் கொண்டு போவார்கள். அப்படி நின்ற குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அந்த வழக்கில் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை, அதாவது குறித்த காலத்துக்குள் வேறு குற்றம் செய்யாவிட்டால் உள்ளே போகத் தேவையில்லை என்ற தண்டனை, கிடைத்திருந்தாலும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் செய்த குற்றத்துக்கு 2023இல் தண்டிக்கப்பட்டிருந்தால், பழைய தண்டனையும் உயிர்பெறக்கூடும்.

இதற்கு இப்போது வழியிருக்கிறது, அவர் வெளியே வருகிற நாளில் இருக்காது. மல்லாகம் நீதவான் நீதிமன்றப் பதிவகத்தில் அவர் பெயரைக் கொடுத்து வழக்கின் நிலையைக் கேளுங்கள். நிலுவையில் இருந்தால் சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் என்கிற மனுவைப் போட்டு, இவர் அநுராதபுரத்தில் தண்டனை அனுபவிக்கிறார் என்பதை மன்றுக்குத் தெரிவித்து, சிறையிலிருந்து அழைத்து வரக் கட்டளை கேட்கலாம். தண்டனை ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வழக்கும் முடிந்துவிட்டால், அதில் கிடைக்கிற தண்டனையை இப்போதைய தண்டனையோடு ஏககாலத்தில் அனுபவிக்க அனுமதிக்கும்படி சட்டத்தரணி கேட்டுப் பார்க்கவும் முடியும்.

அநுராதபுரத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முதல் மல்லாகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி எடுங்கள். பிறகு எனக்குச் சொல்லுங்கள், மிச்சக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.